உங்களுக்குத் தெரியுமா? பர்கூர் முதல் பரப்பன அக்ரஹாரம் வரை: ஒரு வளர்ப்பு மகனின் வழித்தடம்

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காரில் போகிறவர்கள் பர்கூரைத் தாண்டுவார்கள், கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் வரிசையில் நிற்பார்கள், ஓசூர் சிப்காட்டின் ஷிப்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஜூஜூவாடியில் மாநிலம் மாறி அத்திப்பள்ளிக்குள் நுழைவார்கள். தமிழ்நாடு மறக்காத ஒரு கல்யாணத்தின் கணக்கு வழக்கு முழுக்க இந்தச் சாலையை ஒட்டித்தான் நடந்தது. மாப்பிள்ளை வி.என்.சுதாகரன். மாப்பிள்ளை வீட்டுக்காரர் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா. இந்தச் சாலையில் கிடந்த சில துணுக்குகளைப் பொறுக்கித் தருகிறோம்.

● 1991 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் என இரண்டு தொகுதிகளில் நின்று இரண்டிலும் வென்றார். கையில் வைத்துக்கொண்டது பர்கூரை. அங்கே அவரை எதிர்த்து நின்றவர் நடிகரும் இயக்குநருமான டி.ராஜேந்தர். வித்தியாசம் 37 ஆயிரம் வாக்குகளுக்கு மேல். பர்கூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். ஆக, கல்யாணம் நடந்த காலத்தில் முதலமைச்சர் இந்தப் பகுதியின் எம்.எல்.ஏ.

● சுதாகரன், ஜெயலலிதாவின் தோழி சசிகலாவின் அக்காள் வனிதாமணியின் மகன். டி.டி.வி.தினகரனின் உடன்பிறந்தவர். 1995ல் ஜெயலலிதா அவரைத் தன் வளர்ப்பு மகன் என்று ஊரறிய அறிவித்தார். அதற்கு முன்பு 'சூப்பர் டூப்பர் டி.வி.' என்ற கேபிள் நிறுவனத்தின் பெயரோடுதான் அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது.

● வளர்ந்த ஆளைத் தத்தெடுக்க முடியுமா? 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, தத்துப் போகிறவருக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்கிறது. குல வழக்கம் அனுமதித்தால் மட்டும் விலக்கு. பெண் ஒருவர் ஆண்பிள்ளையைத் தத்தெடுத்தால் இருவருக்கும் இடையே குறைந்தது 21 வயது இடைவெளி வேண்டும் என்பது 11ஆம் பிரிவு. திருமணமாகாத பெண் தத்தெடுப்பதற்கு மட்டும் தடையே இல்லை. அதை 8ஆம் பிரிவு தாராளமாக அனுமதிக்கிறது. எனவே 'வளர்ப்பு மகன்' என்ற பட்டம் ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து வீட்டிலும் போஸ்டரிலும் செல்லுபடியானது. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்திருப்பது கடினம்.

● கல்யாணம் 1995 செப்டம்பர் 7ஆம் தேதி, சென்னையில். மணப்பெண் சிவாஜி கணேசனின் பேத்தி. 50 ஏக்கர் இடம், 1,50,000 பேருக்கு மேல் விருந்து என்று கின்னஸ் புத்தகம் மிகப் பெரிய கல்யாண விருந்தாக இதைப் பதிந்தது. முதலமைச்சரும் தோழியும் ஒரே மாதிரிப் பட்டுப்புடவையில், ஒட்டியாணம் வரை ஒரே மாதிரி நகையில் நின்ற புகைப்படம்தான் அந்த நாளின் அடையாளமாக மிஞ்சியது. மாப்பிள்ளை என்ன உடுத்தியிருந்தார் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள், பதில் வராது.

● அந்தக் கல்யாணச் செலவில் ஓசூருக்கும் ஒரு பங்கு உண்டு! லஞ்ச ஒழிப்புத் துறை நீதிமன்றத்தில் வைத்த செலவுப் பட்டியலில் 34 டைட்டன் கைக்கடிகாரங்கள் தனி வரியாக வருகின்றன. விலை 1,34,565 ரூபாய். டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் கைகோத்துத் தொடங்கிய டைட்டனின் முதல் ஆலை நம் ஓசூரில்தான் இருக்கிறது. பட்டியலில் பந்தலுக்கு 5 கோடி ரூபாய்க்கு மேல், சாப்பாடு, தண்ணீர், தாம்பூலத்துக்கு ஒரு கோடிக்கு மேல். கூட்டினால் 6 கோடியே 45 லட்சத்து 4 ஆயிரத்து 222 ரூபாய். கடைசி 2 ரூபாய் வரை கணக்கு எழுதியவரின் பொறுமையைப் பாராட்டத்தான் வேண்டும்.

● அதே கல்யாணத்துக்கு மூன்று விலை இருந்தது தெரியுமா? அரசுத் தரப்பு சொன்னது 6.45 கோடி. விசாரணை நீதிமன்றம் அதை 3 கோடியாகக் குறைத்தது. மேல்முறையீட்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் 28 லட்சத்துச் சொச்சம் என்று தீர்மானித்தது. பெண் வீட்டார்தான் பெருஞ்செலவு செய்தார்கள், கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் பெண் வீட்டார் செலவு செய்வது ஊர் வழக்கம்தானே என்ற கோணமும் உயர் நீதிமன்றத்தில் எடுபட்டது. ஒன்றரை லட்சம் பேர் சாப்பிட்டதைப் பார்த்தவர்களுக்கு 28 லட்சம் என்ற எண் தொண்டையில் சிக்கியது வேறு விஷயம்.

● கல்யாணம் முடிந்து எட்டு மாதத்தில் தேர்தல் வந்தது. 1996ல் பர்கூரில் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனம் 8,366 வாக்கு வித்தியாசத்தில் முதலமைச்சரைத் தோற்கடித்தார். அ.தி.மு.க. மாநிலம் முழுவதும் வென்ற தொகுதிகள் 4. விலைவாசி, ஊழல் புகார்கள், ரஜினியின் குரல், மூப்பனாரின் புதுக் கட்சி என்று காரணங்கள் பலவற்றை அரசியல் நிபுணர்கள் அடுக்குவார்கள். பர்கூர் பக்கத்துத் திண்ணைகளில் கேட்டால் கல்யாணத்தைத்தான் முதலில் சொல்வார்கள். சுகவனம் பிற்பாடு 2004லும் 2009லும் கிருஷ்ணகிரியின் எம்.பி. ஆனார்.

● தோல்விக்குப் பின் அதே 1996ல் ஜெயலலிதா சுதாகரனைத் தன் வளர்ப்பு மகன் அல்ல என்று அறிவித்தார். மகன் பதவி ஒரு வருடத்தைச் சுற்றித்தான் நீடித்தது. இங்கேயும் சட்டம் ஒரு வேடிக்கை வைத்திருக்கிறது. மேலே சொன்ன அதே 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, முறையாக நடந்த தத்தெடுப்பை யாராலும் ரத்து செய்ய முடியாது. எடுத்தவரும் விலக முடியாது, போனவரும் பிறந்த வீட்டுக்குத் திரும்ப முடியாது. முறையாகத் தத்தெடுத்திருந்தால் கைவிட்டிருக்க முடியாது. கைவிட முடிந்ததென்றால், அது தத்தே அல்ல.

● உறவு அறுந்தது. வழக்கு அறுபடவில்லை. 1996 ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி கொடுத்த புகாரில் தொடங்கிய சொத்துக் குவிப்பு வழக்கில் முதல் எதிரி ஜெயலலிதா, இரண்டாவது சசிகலா, மூன்றாவது சுதாகரன், நான்காவது சசிகலாவின் உறவினர் இளவரசி. 1991 முதல் 1996 வரையிலான ஆட்சிக் காலத்தில் வருமானத்துக்கு மேல் 66.65 கோடி சேர்த்ததாகக் குற்றச்சாட்டு. கைவிடப்பட்ட மகனும் கைவிட்ட தாயும் அடுத்த இருபது வருடம் ஒரே வழக்கு எண்ணில் சேர்ந்து இருந்தார்கள்.

● அரசுப் பதவியே வகிக்காத ஒருவர் ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் எப்படிக் குற்றவாளி ஆக முடியும்? இந்தக் கேள்விக்கு 1999ல் பி.நல்லம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது: அரசு ஊழியர் சொத்துக் குவிக்கத் துணைபோன உறவினரோ பினாமியோ, உடந்தைக் குற்றத்துக்காகக் கூடவே விசாரிக்கப்படலாம். சுதாகரன் மீது விழுந்ததும் கூட்டுச்சதி, உடந்தை ஆகிய பிரிவுகள்தாம். ஜெயலலிதாவோடு ரத்த உறவே இல்லாத மூவர் போயஸ் தோட்டத்து வீட்டில் ஏன் கூடியிருந்தார்கள் என்ற கேள்வியை நீதிமன்றங்கள் துருவின. பாசத்துக்காக அல்ல, முதல் எதிரியின் சொத்துகளைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வதற்காக என்பதுதான் உச்ச நீதிமன்றம் வரை நிலைத்த முடிவு. ஒரு மகன் வீட்டில் ஏன் இருக்கிறான் என்று உலகத்தில் எந்த நீதிமன்றமும் இவ்வளவு பக்கம் செலவழித்திருக்காது.

● கிருஷ்ணகிரிக்கும் இந்தக் கதையில் இன்னொரு அத்தியாயம். 2001 தேர்தலில் ஜெயலலிதா ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு இடங்களில் மனு தாக்கல் செய்தார். டான்சி நில ஊழல் வழக்கின் தண்டனை, இரண்டுக்கு மேற்பட்ட தொகுதிகளில் மனு என்ற காரணங்களால் ஏப்ரல் 24 அன்று நான்கும் தள்ளுபடி. பர்கூரில் தோற்றவர் பக்கத்துத் தொகுதியான கிருஷ்ணகிரி வழியாகத் திரும்ப நினைத்தார். வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது. ஆனாலும் கட்சி வென்றது, அவர் முதலமைச்சர் ஆனார், செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தை ரத்து செய்தது.

● சொத்துக் குவிப்பு வழக்கு ஏன் ஓசூரைத் தாண்டிப் போனது? ஆட்சி மாறியதும் அரசுத் தரப்புச் சாட்சிகள் 76 பேர் மறுபடி கூண்டுக்கு அழைக்கப்பட்டார்கள். அவர்களில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். அரசு வழக்கறிஞர் அவர்களைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக்கூட முனையவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க.அன்பழகன் உச்ச நீதிமன்றம் போனார். 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. ஜெயலலிதா பிறந்தது கர்நாடகத்தின் மேல்கோட்டை. காவிரிக்காக அந்த மாநிலத்தோடு மல்லுக்கு நின்றவரின் வழக்கை அந்த மாநிலமே நடத்த நேர்ந்தது.

● தலைவர் வீட்டுக் கல்யாணம் என்றால் ஓசூர்க்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வர வேண்டும். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ல் பிறந்தவர் ராஜாஜி. அவர் மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாசுக்கும் காதல். சாதி வேறு என்பதால் அந்த நாளில் இது பெரிய புயல். இரண்டு அப்பாக்களும் போட்ட நிபந்தனை: ஐந்து வருடம் பிரிந்திருங்கள், அப்போதும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம். மாறவில்லை. 1933 ஜூன் 16 அன்று புனேயில் எளிமையாகக் கல்யாணம் நடந்தது. 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்து மூன்று வாரம்கூட ஆகாத காந்தி மாப்பிள்ளையின் அப்பாவாக உட்கார்ந்திருந்தார். அங்கே விருந்துக்கு என்ன போட்டிருப்பார்கள் என்று யூகிக்கச் சிரமமில்லை.

● அதே ராஜாஜியின் மகன் சி.ஆர்.நரசிம்மன் 1952லும் 1957லும் கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சார்பில் வென்றவர். 1959ல் அப்பா காங்கிரசுக்கு எதிராகச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது, மகன் காங்கிரஸ் சின்னத்தில் வென்ற எம்.பி.! வாரிசு அரசியலைத் திட்டுகிறவர்கள் இந்த ரகத்தையும் ஒரு மூலையில் குறித்துக்கொள்ளலாம்.

● 2011 அக்டோபர், நவம்பரில் நான்கு நாட்கள், பெங்களூரு மத்தியச் சிறை இருக்கும் பரப்பன அக்ரஹாரத்துத் தனி நீதிமன்றத்தில் ஜெயலலிதாவிடம் கேட்கப்பட்ட கேள்விகள் 1,339. அப்போது அவர் பதவியில் இருந்த முதலமைச்சர்.

● பரப்பன அக்ரஹாரம் ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஓசூரில் வீடும் பெங்களூருக்குள் வேலையுமாக இருப்பவர்களுக்குக் கம்பெனி பஸ் தினமும் தாண்டுகிற திருப்பம் அது. 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, அந்தத் திருப்பத்தில் யாரும் எளிதில் நுழைய முடியவில்லை. நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா தீர்ப்பு வாசிக்கும் நாள். சிறை வளாகத்தைச் சுற்றி 144 தடை. கரை வேட்டியோடு வந்த வண்டிகளை அத்திப்பள்ளியிலேயே கர்நாடக போலீஸ் நிறுத்தியது. தீர்ப்பு வெளியானதும் எல்லையில் பேருந்து ஓட்டம் நின்றது. இந்தப் பக்கம் வேலைக்கு வந்த கன்னடக்காரரும் அந்தப் பக்கம் போன தமிழரும் ஒரே நேரத்தில் வீடு திரும்ப வழியில்லாமல் போன நாள்களில் ஒன்று. காவிரிக் கலவர நாள்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சோதனைச் சாவடியின் வெறிச்சோடிய தோற்றம் பழக்கப்பட்டதுதான்.

● தீர்ப்பு என்ன? வருமானத்துக்கு மிஞ்சிய சொத்து 53.60 கோடி. நால்வருக்கும் 4 ஆண்டு சிறை. ஜெயலலிதாவுக்கு 100 கோடி அபராதம், சுதாகரன் உட்பட மற்ற மூவருக்கும் தலா 10 கோடி. அக்டோபர் 17ல் உச்ச நீதிமன்றம் ஜாமீன் தரும்வரை, பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் உறவை முறித்துக்கொண்ட இருவரும் ஒரே சிறை வளாகத்தில் இருந்தார்கள். அவர் பெண்கள் பகுதியில், இவர் ஆண்கள் பகுதியில்.

● கூட்டல் கணக்கு ஒரு தீர்ப்பையே புரட்டிப் போடுமா? 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர்.குமாரசாமி நால்வரையும் விடுவித்தார். வருமானத்தைவிடச் சொத்து 8.12 சதவீதம்தான் அதிகம், 10 சதவீதத்துக்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்பது காரணம். ஆனால் தீர்ப்பிலேயே கடன்களைப் பட்டியலிட்ட பக்கத்தில் கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தது. உருப்படிகளைக் கூட்டினால் 10.67 கோடிதான் வந்தது. பதின்மூன்றரை கோடி வித்தியாசம்! சரியாகக் கூட்டினால் 8.12 சதவீதம் 76ஐத் தாண்டிவிடும் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி.ஆச்சார்யா சுட்டிக்காட்டினார். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பிரம்பெடுத்திருப்பார். இங்கே கர்நாடக அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

● 2017 பிப்ரவரி 14. நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவா ராய் அமர்வு விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பை மீட்டு நிறுத்தியது. முதல் எதிரி 2016 டிசம்பர் 5ல் காலமாகிவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. மறுநாள் சசிகலாவும் இளவரசியும் சாலை வழியாகக் கிருஷ்ணகிரி, ஓசூர் கடந்து போய்ச் சரணடைந்தார்கள். அன்று மாலை தாமதமாக வந்து சேர்ந்தவர் சுதாகரன்.

● 2021 ஜனவரி 27ல் சசிகலாவுக்கு விடுதலை. பிப்ரவரி 8 அன்று அவர் சென்னை கிளம்பிய பயணத்தை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரில் அ.தி.மு.க. கொடி இருக்கக் கூடாது என்று எல்லையில் போலீஸ் நோட்டீஸ் கொடுத்தது. அவர் கொடி கட்டிய வேறொரு காருக்கு மாறிப் பயணத்தைத் தொடர்ந்தார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே வரவேற்க வந்தவர்களின் இரண்டு கார்கள் தீப்பிடித்து எரிந்தன. ஆறு மணி நேரச் சாலையைக் கடக்க ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆனது. வழியில் பர்கூரும் வந்தது, போனது. இவ்வளவு ஆரவாரம் நடந்தபோது, ஒரு காலத்தில் ஊர்கூடிக் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட மாப்பிள்ளை பரப்பன அக்ரஹாரத்திலேயே இருந்தார்.

● காரணம், பணம்! சசிகலாவின் 10 கோடி அபராதம் கட்டப்பட்டது. இளவரசியும் பிப்ரவரி 5ல் வெளியே வந்தார். சுதாகரனுக்கு அபராதம் கட்டப்படவில்லை. கட்டாவிட்டால் கூடுதலாக ஓர் ஆண்டு என்பது தீர்ப்பு. அதையும் கழித்துவிட்டு 2021 அக்டோபர் 16ல்தான் வந்தார். நால்வரில் கடைசியாக வெளியே வந்தவர், அதிக நாள் உள்ளே இருந்தவர் அவர்தான். கின்னஸில் ஏறிய பந்தலுக்கு யார் பணம் போட்டார்கள் என்று இருபது வருடம் வாதாடியவர்கள் நிறைய. அபராதத்துக்கு யாரும் முன்வரவில்லை.

● ஜெயலலிதாவின் சொத்துக்கு வாரிசு யார்? 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், அவருடைய அண்ணன் பிள்ளைகள் தீபா, தீபக் இருவரையும் வாரிசுகள் என்று அறிவித்தது. போயஸ் தோட்டத்து வேதா நிலையத்தின் சாவியும் 2021 டிசம்பரில் அவர்களுக்கே போனது. வளர்ப்பு மகன் பெயர் அந்த வாரிசுப் பட்டியலில் இல்லை.

● 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றம் பறிமுதல் நகைகளைத் தமிழக அரசிடம் ஒப்படைத்தது. 27 கிலோவுக்கு மேல் தங்கம், 1,526 ஏக்கர் நிலப் பத்திரங்கள், ஆறு டிரங்குப் பெட்டிகள். எல்லாம் போலீஸ் காவலோடு சென்னைக்குக் கிளம்பின. பறிமுதலில் தங்களுக்கும் பங்குண்டு என்று தீபாவும் தீபக்கும் கேட்டதை நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. வழக்கு நடத்திய செலவுக்காகக் கர்நாடகத்துக்கு 5 கோடி தர வேண்டும் என்று முந்தைய ஆண்டே உத்தரவாகியிருந்தது. ஆக, அந்தக் கல்யாண காலத்துக் கணக்கில் கர்நாடக அரசுக்கும் ஒரு வரவு.